கூட்டத்தில் ஒருவர் விடுபட்டுப்போனால்: அறிகுறியிலிருந்து பிழையைக் கண்டறியும் வழிமுறை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனத்தை ஒருமுகப்படுத்துவதிலும் அமைதியாக இருப்பதிலும் சிரமம்), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்), மறதிநோய், மூளைக்காயம், பக்கவாதத்துக்குப் பின் வரும் பேச்சிழப்பு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றோடு வாழ்பவர்கள் உறுப்பினர்களாக அமரும் கூட்டங்களை நடத்துவோருக்காக இந்த வழிமுறை எழுதப்படுகிறது. அது ஒரு சங்கத்தின் நிர்வாகக் குழுவாக இருக்கலாம், அலுவலகத்தின் வாராந்தரக் கூட்டமாக இருக்கலாம், இணையவழி ஆலோசனையாகவும் இருக்கலாம். கூட்டத்தில் நீங்கள் கண்ட அறிகுறியைக் கீழே தேடி, அதன்கீழ் உள்ள காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். பல மாற்றங்களை ஒரே நாளில் புகுத்த வேண்டாம். எது பலன் தந்தது என்று பிறகு தெரியாமல் போவதோடு, பழகிய முறை திடீரென்று முழுவதும் மாறுவதே சிலருக்குப் புதிய சுமையாகிவிடும்.

தொடங்குமுன் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, எவருடைய மருத்துவ விவரமும் உங்களுக்குத் தேவையில்லை. ஒரே பெயருள்ள குறைபாடு உள்ள இருவருக்கு நேர் எதிரான உதவிகள் தேவைப்படுவது சாதாரணமாக நடப்பது. ஆகவே, "கூட்டத்தில் உங்களுக்கு எது கடினமாக இருக்கிறது, எது இருந்தால் எளிதாக இருக்கும்?" என்று அவரிடமே, தனியாக, கூட்டத்துக்கு முன்பே கேட்பதுதான் எந்தச் சோதனைக்கும் முந்திய சோதனை. இரண்டாவது, நாம் பிழை தேடும் இடம் கூட்டம் நடக்கும் முறை. 2006 டிசம்பர் 13 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, குறைபாடுள்ள ஒருவரும் அவரைச் சுற்றியுள்ள தடைகளும் மோதும் இடத்தில்தான் இயலாமை உருவாகிறது என்று தன் முகப்புரையிலேயே கூறுகிறது. நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதையும் பாகுபாடு என்றே அது வரையறுக்கிறது. கூட்டம் என்பது காதால் கேட்பது, கேட்டதை நினைவில் நிறுத்துவது, முன்பு பேசியதோடு ஒப்பிடுவது, பதிலை உருவாக்குவது, அதைச் சொல்ல ஒரு இடைவெளியைப் பிடிப்பது என ஐந்து வேலைகளை ஒரே நேரத்தில் கேட்கும் ஏற்பாடு. அவற்றுள் எது ஒருவரைத் தடுக்கிறது என்று காண்பதுதான் கீழே உள்ள பகுதிகளின் நோக்கம்.

அறிகுறி 1: அழைத்தும் வருவதில்லை, அல்லது இணையக் கூட்டத்துக்குள் நுழைய முடியாமல் நின்றுவிடுகிறார்

ஆர்வமில்லை என்று முடிவு கட்டுமுன் நீங்கள் அனுப்பிய அழைப்பைத் திறந்து பாருங்கள். கூட்டச் செயலிகள் தாமாக உருவாக்கும் அழைப்பில் பெரும்பாலும் நீளமான இணைப்பு முகவரி ஒன்றும், அதன்கீழ் கூட்ட எண்ணும், நுழைவுக் குறியீடும், பல நாடுகளின் தொலைபேசி எண்களும் அடுக்கடுக்காக வந்து நிற்கும். தேதி மட்டும் வேறொரு மூலையில் இருக்கும். எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று கண்டுபிடிப்பதே அங்கு ஒரு தேர்வாகிவிடுகிறது. அந்தப் பகுதி முழுவதையும் நீக்கிவிட்டு, நாள், கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஒரே ஒரு இணைப்பு, சிக்கல் வந்தால் அழைக்க வேண்டியவரின் பெயரும் எண்ணும் என இவ்வளவை மட்டும் பெரிய எழுத்தில் அனுப்புங்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதே இணைப்பைப் பயன்படுத்துங்கள். முந்தைய நாள் ஒன்று, ஒரு மணி நேரத்துக்கு முன் ஒன்று என இரண்டு நினைவூட்டல்கள் போதும்.

நுழைவுப் படிகளையும் எண்ணிப் பாருங்கள். இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான இணைய அணுகுதன்மை வழிகாட்டியின் (WCAG), 2023 அக்டோபர் 5 அன்று வெளியான 2.2 பதிப்பு, கடவுச்சொல்லை நினைவில் வைத்திருப்பது, புதிரை விடுவிப்பது போன்ற சோதனைகளை மாற்று வழி ஏதும் தராமல் உள்நுழைவில் வைக்கக் கூடாது என்று ஒரு தனி விதியையே சேர்த்துள்ளது. உங்கள் செயலி கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால், அந்தக் கட்டாயத்தை நீக்கும் அமைப்பைத் தேடுங்கள், அல்லது வேறு செயலிக்கு மாறுங்கள். முதல் கூட்டத்துக்கு ஓரிரு நாள் முன்பு பத்து நிமிட ஒத்திகை ஒன்றை வைத்தால் மீதிச் சிக்கல்கள் அங்கேயே வெளிப்பட்டுவிடும். நேரில் நடக்கும் கூட்டமானால் நுழைவாயிலின் படம், அறையின் படம், வரவேற்கப்போகிறவரின் படம் ஆகியவை இதே வேலையைச் செய்யும்.

அறிகுறி 2: வருகிறார், ஆனால் கடைசிவரை ஒரு சொல்லும் பேசவில்லை

மௌனத்துக்குப் பல வேர்கள் உண்டு. மிகுதியாகக் காணப்படுவது நேரமின்மை. நீங்கள் ஒரு கேள்வியைக் கேட்டபின் எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து அளந்து பாருங்கள். பெரும்பாலான கூட்டங்களில் சில நொடிகளுக்குள் வேறொருவர் பேசத் தொடங்கிவிடுவார், அல்லது நடத்துபவரே பதற்றத்தில் கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்பார். அப்படித் திருப்பிக் கேட்பது உதவி என்று தோன்றினாலும், முதல் கேள்வியை மனத்துக்குள் பிரித்துப் பொருள்கொண்டிருப்பவருக்கு அது புதிய கேள்வி. அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக்கொண்டு சும்மா இருங்கள். திருப்பிக் கேட்டே ஆக வேண்டுமானால் அதே சொற்களில் கேளுங்கள். பட அட்டையோ எழுத்துப் பலகையோ கொண்டு பேசுபவருக்கு ஒரு வாக்கியத்துக்கு ஓரிரு நிமிடங்கள்கூட ஆகலாம். அந்த நேரத்தில் மற்றவர்கள் தமக்குள் பேசிக்கொள்ளாமல் காத்திருக்க வேண்டும் என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே விதியாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பேச இடம் கிடைக்காதது. யார் முந்துகிறாரோ அவர் பேசட்டும் என்னும் முறையில் வேகமானவர்களே பேசுவார்கள். வரிசைப்படி சுற்றில் கருத்துக் கேளுங்கள். தன் முறை எப்போது வரும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும். "இப்போது வேண்டாம், பிறகு சொல்கிறேன்" என்று ஒதுங்கும் உரிமையும் இருக்கட்டும், ஆனால் அந்தப் "பிறகு" மறக்கப்படாமல் நீங்கள் அவரிடம் திரும்பி வர வேண்டும்.

மூன்றாவது காரணம் முன்தயாரிப்பு இல்லாமை. இதுவே எல்லாவற்றிலும் பெரியது என்பது என் உறுதியான கருத்து. ஒரு நிகழ்ச்சி நிரலில் வழக்கமாக வரும் வரி இப்படி இருக்கும்: "3. பயிற்சி நிதி ஒதுக்கீடு தொடர்பான மறுபரிசீலனை." இதைப் படித்துவிட்டு ஒருவர் எதற்குத் தயாராவது? பணம் குறையப்போகிறதா, கூடப்போகிறதா, தன்னிடம் கேட்கப்போகிறார்களா, வெறும் தகவலா என எதுவும் இதில் இல்லை. அதையே இப்படி எழுதலாம்: "3. பயிற்சிக்காகப் பணம் வைத்திருக்கிறோம். அதை எதற்குச் செலவு செய்யலாம்? வழி ஒன்று: கணினிப் பயிற்சி. வழி இரண்டு: பேச்சுப் பயிற்சி. இன்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்போம்." வரிகள் கூடிவிட்டன, ஆனால் படிப்பவர் ஒரு பதிலோடு கூட்டத்துக்கு வர முடியும்.

ஆவணங்களை எளிய வாசிப்பு வடிவில் தருவதற்கு ஐரோப்பாவில் அறிவுசார் குறைபாடுள்ளோரும் சேர்ந்து உருவாக்கிய நெறிமுறைகள் நீண்ட காலமாகப் புழக்கத்தில் உள்ளன. ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து, குறைந்தது 14 புள்ளி எழுத்தளவு, கடினச் சொல் வரும் இடத்திலேயே அதற்கு விளக்கம், பொருளுக்கு நேராகப் படம் ஆகியவை அவற்றின் சாரம். தமிழில் எழுதும்போது நீண்ட கூட்டுச் சொற்களைப் பிரித்து எழுதுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். படங்கள் பெரியவர்களுக்கானவையாக இருக்கட்டும். சிறுவர் புத்தகத்துப் படங்களை ஒட்டி அனுப்பினால், எளிமையாகச் சொல்வதற்குப் பதில் அவமதிப்பதாகவே முடியும். ஆவணங்களை ஒரு வாரம் முன்னதாக அனுப்புவதோடு நின்றுவிடாமல், கூட்டத்துக்கு முன்கூட்டம் ஒன்றை, அரை மணி நேரம் போதும், வைத்து ஒவ்வொரு பொருளையும் அவரோடு சேர்ந்து பேசிப் பார்த்தால், அதுவரை மௌனமாக இருந்தவர் கூட்டத்தில் தம் கருத்தை எடுத்து வைக்கும் வாய்ப்பு மிகவும் கூடும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் நீடித்தால், அவரிடம் தனியே கேளுங்கள். முன்பு எங்கோ பேசியபோது சிரிப்புக்கு ஆளானவர் மறுபடி வாய் திறக்கக் காலம் எடுக்கும். சிலர் கேட்டுக்கொண்டிருப்பதையே விரும்பக்கூடும். தெரிந்தே எடுத்த முடிவானால் அதுவும் பங்கேற்புதான்.

அறிகுறி 3: எதைக் கேட்டாலும் "சரி" என்கிறார்

இது எல்லா அறிகுறிகளிலும் ஆபத்தானது, ஏனென்றால் பார்ப்பதற்கு வெற்றி போலவே இருக்கும். கூட்டம் தடையின்றி நகரும், தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறும், எவருக்கும் சந்தேகம் வராது. அமெரிக்க ஆய்வாளர் கரோல் சிகல்மனும் உடன் ஆய்ந்தோரும் 1981-இல் வெளியிட்ட ஆய்வுகள், அறிவுசார் குறைபாடுள்ளோரிடம் ஆம்–இல்லை வடிவில் கேட்கும்போது, கேள்வியின் உள்ளடக்கம் எதுவாயினும் "ஆம்" என்று சொல்லிவிடும் போக்கு வலுவாக இருப்பதைக் காட்டின. வாழ்நாள் முழுவதும் பிறர் முடிவுகளுக்கு இணங்கிப் போனால்தான் நல்ல பெயர் கிடைக்கும் என்று பழக்கப்பட்டவருக்குச் "சரி" என்பது பாதுகாப்பான சொல். கேள்வி புரியவில்லை என்று சொல்வதைவிட அது எளிது.

சோதிக்கும் முறை இது. அதே பொருளை நேர்மாறாகத் திருப்பி, சற்று நேரம் கழித்து, தனியே கேளுங்கள். "கூட்டத்தைக் காலையில் வைக்கலாமா?" என்பதற்கும் "கூட்டத்தை மாலையில் வைக்கலாமா?" என்பதற்கும் ஒரே "சரி" வந்தால், உங்கள் கேள்வி வேலை செய்யவில்லை என்று பொருள். பலர் முன்னிலையில் இதைச் செய்யாதீர்கள். அது அவரைப் பரிசோதிப்பதாகிவிடும்.

சரிசெய்வதற்கு முதலில் ஆம்–இல்லைக் கேள்விகளை விடுத்து, இரண்டு வழிகளைப் படத்தோடோ பொருளோடோ முன்வைத்து "இதுவா, அதுவா?" என்று கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைத் தேர்ந்தெடுக்கும் பழக்கமும் சிலருக்கு உண்டு என்பதால், வரிசையை மாற்றி இன்னொரு முறை கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். "புரிந்ததா?" என்ற கேள்வியை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள், ஏனெனில் அதற்கு "புரிந்தது" என்பதைத் தவிர வேறு பதில் வருவது அரிது. அதற்குப் பதிலாக, "நான் தெளிவாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும். நாம் என்ன முடிவு எடுக்கப்போகிறோம் என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்" என்று கேட்டால், தேர்வு எழுதுபவர் அவர் இல்லை, நீங்கள் என்பது தெளிவாகிவிடும். தலைமை வகிப்பவர் தம் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். மூத்தவர் ஒருவர் முதலில் சொல்லிவிட்டால் பிறகு வரும் எல்லாச் "சரி"களும் அவருக்குச் சொன்னவைதான்.

தீர்மானம் நிறைவேற்றும் முறையில் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. "இந்தத் தீர்மானத்துக்கு எவரும் எதிர்ப்புத் தெரிவிக்காவிட்டால் நிறைவேறியதாகக் கொள்ளலாம் அல்லவா?" என்று கேட்பது பல அவைகளின் வழக்கம். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு எதிர்மறைகள், ஒரு நிபந்தனை, கடைசியில் "ஆம்" என்று சொல்லத் தூண்டும் ஒரு வால் ஆகியவை உள்ளன. மேலும், மௌனமாக இருப்பவர் எல்லோரும் ஒப்புக்கொண்டவர்களாக எண்ணப்படுவார்கள். இதை முற்றிலும் கைவிட்டு, ஒவ்வொரு உறுப்பினரும் "வேண்டும்", "வேண்டாம்", "இன்னும் யோசிக்க வேண்டும்" என்ற மூன்று அட்டைகளில் ஒன்றைக் காட்டும் முறையை வையுங்கள். யோசிக்க வேண்டும் என்பவருக்கு அவகாசம் தர முடியாத அளவுக்கு அவசரமான முடிவுகள் உண்மையில் மிகக் குறைவு. உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவுக்கு, உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2014-இல் வெளியிட்ட பொது விளக்கவுரை, ஒருவருக்குப் பதிலாகப் பிறர் முடிவெடுப்பதை விட்டு, அவரே முடிவெடுக்கத் துணைநிற்கும் ஏற்பாடுகளுக்கு மாற வேண்டும் என்கிறது. அந்த மாற்றம் சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் மட்டும் நடக்க வேண்டியதன்று. ஒரு குழுக் கூட்டத்தின் வாக்கெடுப்பிலும் நடக்க வேண்டியது.

அறிகுறி 4: உடன் வந்த உதவியாளரே பேசுகிறார்

முதலில் உங்கள் கண்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். கேள்வியை உறுப்பினரிடம் தொடங்கிப் பார்வையை உதவியாளரிடம் முடித்தால், அவர் பதில் சொல்லத்தான் செய்வார். உறுப்பினரின் பெயரைச் சொல்லி, அவரைப் பார்த்து, அவரிடமே கேளுங்கள். உதவியாளரின் இருக்கையை உறுப்பினருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்தள்ளி வையுங்கள். இந்தச் சிறு இடமாற்றமே பல நேரங்களில் போதுமானது.

உதவியாளர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை உறுப்பினரும் அவரும் நீங்களும் சேர்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சரியான பக்கத்தைத் திருப்பித் தருவது, கடினச் சொல்லைக் காதோடு விளக்குவது, குறிப்பெடுப்பது, முன்கூட்டத்தில் உறுப்பினர் சொல்ல விரும்பியதை அவருக்கே நினைவூட்டுவது ஆகியவை அவருடைய வேலை. கருத்துச் சொல்வது அவருடைய வேலையில் சேராது. உதவியாளரை உறுப்பினரே தேர்ந்தெடுக்க வேண்டும். பேசப்படும் பொருளில் ஆதாயம் உள்ள ஒருவர், எடுத்துக்காட்டாக, மதிப்பிடப்படும் சேவை நிறுவனத்தின் ஊழியர், அந்தப் பொருளின்போது அறையில் இருப்பது நியாயமன்று.

அறிகுறி 5: சொன்னதையே திரும்பச் சொல்கிறார், குறுக்கிடுகிறார், வேறு பொருளுக்குத் தாவுகிறார்

பலரும் இதை ஒழுங்குப் பிரச்சினையாகக் கருதிவிடுகிறார்கள். ஆனால் இங்கு பெரும்பாலும் நினைவின் வரம்பே வேலை செய்கிறது. மனத்தில் ஒரே நேரத்தில் தாங்கிக்கொள்ளக்கூடிய செய்திகள் சுமார் ஏழு என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் அதை மறுஆய்வு செய்து, வளர்ந்தவர்களுக்கே அது சுமார் நான்குதான் என்று வாதிட்டார். மூன்று வழிகளையும் அவற்றின் நன்மை தீமைகளையும் வாய்வழியாக மட்டும் அடுக்கும் கூட்டம் எல்லோருடைய வரம்பையும் தாண்டிவிடுகிறது. எவருடைய வரம்பு சற்றுக் குறைவோ அவரிடம் அது முதலில் வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.

ஒருவர் குறுக்கிட்டால், தன் முறை வரும்வரை அந்த எண்ணத்தைப் பிடித்து வைத்திருக்க முடியாது என்ற அச்சம் காரணமா என்று பாருங்கள். கையில் ஒரு தாளும் பேனாவும், "எழுதி வையுங்கள், இந்தப் பொருள் முடிந்ததும் முதலில் உங்களிடம் வருகிறேன்" என்ற வாக்குறுதியும் இருந்தால் குறுக்கீடு குறையும், வாக்குறுதியைக் காப்பாற்றினால். ஒருவர் ஒன்றையே திரும்பச் சொன்னால், அவர் சொன்னதை எவரேனும் பதிவு செய்தார்களா என்று பாருங்கள். பலகையில் அவருடைய சொற்களிலேயே எழுதி, "இதைத்தானே சொன்னீர்கள்?" என்று காட்டியபின் அவர் அமைதியாக அடுத்த பொருளுக்கு வந்துவிடலாம். பொருள் மாறிப் பேசினால், இப்போது எந்தப் பொருள் நடக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறதா என்று பாருங்கள். நிகழ்ச்சி நிரலைச் சுவரில் ஒட்டி, நடப்புப் பொருளுக்கு நேராக ஓர் அம்புக்குறியை வைத்து, ஒவ்வொன்றும் முடியும்போது "இரண்டாவது பொருள் முடிந்தது, முடிவு இது, இப்போது மூன்றாவதுக்குப் போகிறோம்" என்று உரக்கச் சொல்லிவிட்டு அம்பை நகர்த்துங்கள். "அது", "முன்பு சொன்னது", "மேற்படி விஷயம்" போன்ற சுட்டுகளையும் சுருக்கெழுத்துப் பெயர்களையும் விட்டு, முழுப் பெயரைச் சொல்லுங்கள்.

பேச்சிழப்பு உள்ளவரின் நிலை வேறு. அவருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது பெரும்பாலும் தெளிவாகத் தெரியும், சொல்தான் நாக்குக்கு வராது. அவர் கேட்டாலன்றி வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். எழுத, வரைய, சுட்டிக்காட்டப் பொருள்களை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.

அறிகுறி 6: எரிச்சல் கொள்கிறார், எழுந்து போகிறார், கேமராவை அணைத்துவிடுகிறார்

இதற்குமுன் நடந்த அரை மணி நேரத்தை நினைத்துப் பாருங்கள். ஓய்வு அறிவித்த நேரத்தைத் தாண்டிவிட்டதா, இருவர் ஒரே நேரத்தில் பேசினார்களா, விளக்கு மினுக்கியதா, நிரலில் இல்லாத பொருள் திடீரென்று நுழைந்ததா என்று தேடினால் பெரும்பாலும் ஒன்று அகப்படும். மூளைக்காயத்துக்குப் பிறகு வரும் களைப்பு சாதாரணச் சோர்வு போன்றதன்று. கவனம் செலுத்துவதே உழைப்பாகி, ஒரு கட்டத்துக்குமேல் எதுவும் உள்ளே போகாது.

அரை மணிக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். அது விவாதம் எங்கே நின்றாலும் கடிகாரப்படி வரட்டும், ஏனெனில் எப்போது ஓய்வு என்று தெரிந்திருப்பதே பாதி ஓய்வு. இரண்டு மணி நேரக் கூட்டத்தை வெவ்வேறு நாள்களில் இரண்டாகப் பிரிப்பது மேலும் நல்லது. முடியும் நேரத்தைத் தாண்டாதீர்கள். வெளியே போய்வர எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்பதையும், அமைதியான அறை எங்கே இருக்கிறது என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, திரும்பி வருபவர் விட்டுப்போனதைத் தெரிந்துகொள்ள இரண்டு வரிக் குறிப்பு ஒன்றை மேசையில் வையுங்கள். கேமராவை அணைத்தவர் கூட்டத்தை விட்டு நீங்கியவர் ஆகமாட்டார். அவருக்குத் தம் முகத்தையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது சுமையாக இருக்கலாம்.

தன்னால் தாங்க முடியாத நிலை வருமுன் அதைத் தெரிவிக்க ஒரு வழி வேண்டும். 1974-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிய பீப்பிள் ஃபர்ஸ்ட் இயக்கத்தின் காலம் முதல், அறிவுசார் குறைபாடுள்ளோர் தாமே தலைமை தாங்கித் தம் கூட்டங்களை நடத்தி வருகிறார்கள். அவர்களிடையே பரவலாக உள்ள வழக்கம் வண்ண அட்டைகள். சிவப்பைக் காட்டினால் "நிறுத்துங்கள், எனக்குப் புரியவில்லை" என்று பொருள். மற்ற நிறங்களின் பொருள் குழுவுக்குக் குழு மாறும், எனவே உங்கள் குழுவின் வழக்கத்தைச் சேர்ந்து முடிவு செய்து சுவரில் எழுதி வையுங்கள். சிவப்பு உயர்ந்தால் பேசுபவர் எவராயினும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்த வேண்டும். இந்த அட்டை எல்லோருடைய கையிலும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது அடையாள முத்திரை ஆகிவிடும்.

அறிகுறி 7: சாட் பகுதி ஓடிக்கொண்டே இருக்கிறது, ஒருவர் பின்தங்குகிறார்

பேச்சும் எழுத்தும் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்களாக நடக்கின்றன. சாட்டைக் கேள்வி நேரத்தில் மட்டும் திறந்து வையுங்கள். வாயால் பேச இயலாதவருக்கு அதுவே குரல் என்பதால், அவர் எழுதுவதற்கு எப்போதும் வழி இருக்கட்டும், அதை ஒருவர் உடனே உரக்கப் படிக்கட்டும்.

அறிகுறி 8: கூட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலை நடக்கவில்லை, முடிவே நினைவில் இல்லை

கூட்டக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். "மேற்படி பொருள் குறித்து உரிய நடவடிக்கை எடுக்கத் தீர்மானிக்கப்பட்டது" என்ற வரியில் யார், என்ன, எப்போது ஆகிய மூன்றுமே இல்லை. "பயிற்சிக்கு அறை முன்பதிவு செய்ய வேண்டும். செய்பவர்: செயலாளர். வெள்ளிக்கிழமைக்குள் முடிக்க வேண்டும்" என்று எழுதினால் குறிப்பே நினைவின் வேலையைச் செய்துவிடும். ஒரு பக்கத்துக்கு மேற்படாத இந்தக் குறிப்பை அன்றே அனுப்புங்கள். வாசிப்பது கடினமானவருக்கு அதையே பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு செய்வதும் உதவும். அப்போது அவர் "யோசித்துப் பார்த்தேன், எனக்கு அது சரியாகப் படவில்லை" என்று சொன்னால் அதைப் பதிவு செய்து அடுத்த கூட்டத்தில் வையுங்கள். தாமதமாக வந்த கருத்தும் கருத்துதான்.

அறிகுறி 9: மற்ற உறுப்பினர்கள் "நேரம் வீணாகிறது" என்கிறார்கள்

இந்த முறையீட்டை ஒதுக்கித் தள்ளாமல் நிகழ்ச்சி நிரலை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பன்னிரண்டு பொருள்கள் இருந்தால் வேகம்தான் ஒரே வழியாகிறது. வெறும் தகவல்களை எழுத்தில் அனுப்பிவிட்டு, முடிவெடுக்க வேண்டிய மூன்று நான்கு பொருள்களை மட்டும் கூட்டத்துக்கு வையுங்கள். பொறுமை இழந்தவர்களும் அதை வரவேற்பார்கள்.

இந்த அறிகுறியின் பின்னால் இன்னொன்று மறைந்திருக்கலாம், அதைக் கவனமாகத் தேடுங்கள். வேகமாக முடிவெடுக்க விரும்புவோர் தமக்குள் ஒரு வாட்ஸ்அப் குழுவிலோ தேநீர் நேரத்திலோ பேசி முடித்துவிட்டு, கூட்டத்துக்கு அதை ஒப்புதலுக்காக மட்டும் கொண்டு வரத் தொடங்கிவிடுவார்கள். அப்போது கூட்டம் எவ்வளவு பொறுமையாக நடந்தாலும் பயனில்லை, ஏனெனில் முடிவு அங்கே எடுக்கப்படவில்லை. 2018-இல் வெளியான உடன்படிக்கையின் ஏழாவது பொது விளக்கவுரை பெயரளவிலான பங்கேற்பை உண்மையான பங்கேற்பிலிருந்து பிரித்துக் காட்டி வலியுறுத்துவது இதைத்தான். சோதனை எளிது. கடந்த சில கூட்டங்களின் தீர்மானங்களை எடுத்து வைத்து, அந்த உறுப்பினர் சொன்னதால் ஏதேனும் ஒன்று மாறியதா, ஒரு சொல்லாவது திருத்தப்பட்டதா என்று பாருங்கள். எதுவுமே மாறவில்லை என்றால், முன்கூட்டியே முடிவெடுக்கும் வழக்கத்தைப் பெயர் சொல்லிக் குழுவின் முன் வைத்து நிறுத்த வேண்டும். மற்ற எந்தத் திருத்தமும் இதற்கு ஈடாகாது.

அறிகுறி 10: ஒருவருக்காகச் செய்த மாற்றம் இன்னொருவருக்குத் தடையாகிறது

பேசுவதை உடனுக்குடன் காட்டித் திரையில் ஓடும் நேரடி எழுத்துகள் ஒருவருக்குத் துணை, மற்றொருவருக்குக் கவனச் சிதறல். மெதுவான வேகம் ஒருவருக்கு வழி திறக்கும், ஏடிஎச்டி உள்ள மற்றொருவரின் கவனத்தை அலையவிடும். இங்கே தனித்தனியாக அமைத்துக்கொள்ளக்கூடியவற்றை முதலில் தேடுங்கள். எழுத்துகளை அவரவர் திரையில் மட்டும் அணைக்க முடியும், சூழலின் ஓசையைத் தடுக்கும் காதடைப்பானை ஒருவர் மட்டும் அணிய முடியும், அமர்ந்திருக்க இயலாதவர் நின்றபடியோ கையில் ஏதேனும் வேலை செய்தபடியோ கேட்க முடியும். அப்படிப் பிரிக்க இயலாதவற்றில், எந்த மாற்றம் இல்லாவிட்டால் ஒருவர் பங்கேற்கவே முடியாதோ அதற்கு முன்னுரிமை தாருங்கள். வசதிக்குறைவு மட்டும் ஏற்படுபவருக்கு வேறு வகையில் ஈடு செய்யுங்கள். இருவருக்கும் அது இன்றியமையாததாக இருந்தால், அந்த ஒரு பொருளை இரண்டு சிறு அமர்வுகளாகத் தனித்தனியே பேசி, இரண்டு இடத்துக் கருத்துகளையும் எழுத்தில் அருகருகே வைத்து, அதன்பின் வாக்கெடுப்புக்குச் செல்லுங்கள்.